கிரவுண்டு பூட்டிக் கிடக்கும்போது: குமரி மாவட்ட ஊர்ப் பயிற்சியாளர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்ட கேள்விகள்

இதை எழுதுவது யார்?

குளச்சலுக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே ஒரு சின்ன ஊரில், சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கால்பந்தும் வாலிபாலும் சொல்லிக்கொடுக்கிற கிளப் ஒன்றின் கணக்கு நோட்டை வைத்திருப்பவன் நான். பயிற்சி கொடுப்பவன் இல்லை. சாவி, பந்து, பணம், அனுமதிக் கடிதம் என்று பயிற்சியாளருக்காக ஓடுகிற ஆள். 2020, 2021இல் பக்கத்து ஊர்க் கிளப்காரர்களும் பெற்றோரும் போனில் கேட்டதையெல்லாம் அந்த நோட்டின் பின்பக்கத்தில் குறித்து வைத்தேன். அடுத்த தொற்று எந்தப் பெயரில் வந்தாலும் பாதிக் கேள்விகள் இவையாகத்தான் இருக்கும். கொரோனாவை மனத்தில் வைத்துத்தான் பதில் சொல்கிறேன். மூச்சுக்காற்றில் பரவாமல் வேறு வழியில் பரவும் நோய் வந்தால் பதில்களும் மாறும்.

ஊரே பயந்து கிடக்கிறது. இந்த நேரத்தில் விளையாட்டு ஒரு கேடா?

எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னிடம் இதே வார்த்தையில்தான் கேட்டார். அவர்மேல் கோபப்பட ஒன்றுமில்லை.

2020 மார்ச் 14 அன்று ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து இறுதிப் போட்டி கோவாவில் நடந்தது. கொல்கத்தாவின் ஏடிகே அணி 3-1 என்று சென்னையின் எஃப்சி அணியை வென்றது. நம் இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் அந்த வருடம் ஏடிகே அணியில் இருந்தார். கடப்புறத்துப் பிள்ளைகள் டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்த அந்த ஆட்டத்தில் அரங்கம் முழுக்கக் காலி நாற்காலிகள். சரியாகப் பத்து நாள் கழித்து, மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது. எங்கள் கிரவுண்டிலும் பூட்டு விழுந்தது. முதல் வாரம் பள்ளிக்கூடம் இல்லை என்று பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மூன்றாம் வாரம் போன் வர ஆரம்பித்தது: "எப்பம் சார் கிரவுண்டு திறக்கும்?"

5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடம் உடம்பை அசைத்து வேலை செய்ய வேண்டும், வாரத்தில் 3 நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலுச் சேர்க்கிற வேலை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. சாதாரண நாளில் இதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பள்ளிக்கூடத்துக்கு நடை, இடைவேளையில் ஓட்டம், சாயங்காலம் கிரவுண்டு என்று கணக்கு தானாகவே முடிந்துவிடும். ஊரடங்கில் இந்த மூன்றும் ஒரே நாளில் நின்றன.

நம் மாவட்டத்துக்கு இன்னொன்றும் உண்டு. மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும், சின்னமுட்டம் பக்கத்துக் கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது வாலிபர்களும் கரையில்தான். இரண்டு அறை வீட்டில் ஏழு பேர் மூச்சோடு மூச்சாகக் கிடப்பதைவிட, அனுமதி இருக்கிற நேரத்தில் வெட்டவெளியில் ஆறடி தள்ளி நின்று ஓடுவது பாதுகாப்பு. அந்தப் பெரியவருக்கும் இதைத்தான் சொன்னேன். பதில் சொல்லாமல் போய்விட்டார். ஆனால் அடுத்த மாதம் பேரனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

முழு ஊரடங்கில் யாருக்கும் தெரியாமல் நடத்தலாமா?

கூடாது. ஒரு தடவை போலீஸ் துரத்தினால் அம்மாமார் ஆறு மாதத்துக்குப் பிள்ளையை அனுப்பமாட்டார்கள்.

அனுமதி யாரிடம் வாங்குவது?

தொற்றுக்கால உத்தரவுகள் 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் வருபவை. மத்திய அரசு ஒன்றைத் திறக்கலாம் என்று சொன்னாலும் மாநிலம் மூடி வைக்கலாம். மாநிலம் திறந்தாலும் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி என்று தகரம் அடித்த தெருவில் ஒன்றும் நடத்த முடியாது. 2020 மே மாதமே பார்வையாளர் இல்லாமல் விளையாட்டரங்குகளைத் திறக்கலாம் என்று மத்திய உத்தரவு வந்தது. ஆனால் தமிழ்நாட்டில் உடற்பயிற்சிக் கூடங்கள் திறந்தது ஆகஸ்ட் 10இல்தான். ஆகையால் வாட்ஸ்அப்பில் வருகிற 'எல்லாம் திறந்தாச்சு' செய்தியை நம்பாமல், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் அறிவிப்பைப் பாருங்கள்.

ஊர்க் கிரவுண்டு என்றால் நாங்கள் செய்தது இதுதான். ஒரே பக்கத்தில் கடிதம்: எந்த இடம், எந்த நேரம், எத்தனை பிள்ளைகள், பொறுப்பாளர் யார், அவர் போன் எண். அதை ஊராட்சி அலுவலகம், கிராம நிர்வாக அலுவலர், காவல் நிலையம், சுகாதார ஆய்வாளர் என நான்கு இடத்திலும் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வைத்தோம். நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கம் போன்ற அரசு இடம் என்றால் மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் போக வேண்டும். கிரவுண்டு பங்குக் கோயிலுடையதோ, கோயில் கமிட்டியுடையதோ, ஜமாஅத்துடையதோ ஆனால் அவர்கள் சம்மதம் முதலில். ஒரு அலுவலகத்தில் மட்டும் எங்கள் கடிதத்தை வாங்கவே மாட்டேன் என்று மூன்று நாள் அலைக்கழித்தார்கள். நான்காம் நாள் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு வேலையைப் பார்த்தோம்.

எந்த இடம் நல்லது?

கூரை இல்லாத இடம் எதுவானாலும். சானல் கரை, தண்ணீர் வற்றிய குளத்துப் பரப்பு, அறுவடை முடிந்த வயல், தென்னந்தோப்பு. கல்யாண மண்டபம் சும்மாதானே கிடக்கிறது, அங்கே நடத்தலாமா என்று பலர் கேட்டார்கள். வேண்டாம். ஓடும்போது ஆள் வேகமாக மூச்சு வாங்குகிறான், கத்துகிறான். அடைத்த கூடத்தில் அந்தக் காற்று போக வழியில்லை. மழைக்கு ஒதுங்க வேண்டுமென்றால் நான்கு பக்கமும் திறந்த ஓலைக் கொட்டகை பரவாயில்லை.

கடற்கரை விஷயத்தில் ஒரு வேடிக்கை. 2020 டிசம்பர் நடுப்பகுதி வரை கடற்கரைகளுக்குப் பொதுமக்கள் போகத் தடை இருந்தது. கடியப்பட்டணத்துப் பிள்ளைக்கு, முட்டத்துப் பிள்ளைக்குக் கடற்கரைதான் வீட்டு முற்றம். முற்றத்துக்குப் போகாதே என்று யார் சொல்ல? கூட்டம் சேர்க்காமல், வீட்டு நேரே மட்டும், மணலில் தனித்தனியாக ஓட வைத்தோம். காலுக்கு மணல் ஓட்டத்தைப்போல நல்ல வேலை கிடையாது.

ஒரு நேரத்தில் எத்தனை பேரைச் சேர்க்கலாம்?

எண்ணிக்கையைவிட முக்கியம், அதே ஆட்கள் அதே குழுவில் இருப்பது. எங்களிடம் அப்போது 24 பிள்ளைகள். ஆறு ஆறு பேராக நான்கு குழு பிரித்தோம். ஒரு குழுவுக்கு 40 நிமிடம். அவர்கள் போய்ப் பத்து நிமிடம் ஆன பிறகுதான் அடுத்த குழு உள்ளே வரும். குழு மாறக் கூடாது. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அந்த ஆறு பேர் மட்டும் வீட்டில் இருப்பார்கள். மற்ற பதினெட்டுப் பேருக்குப் பயிற்சி நிற்காது.

குழுவை எப்படிப் பிரிப்பது என்பதில் முதலில் தப்புச் செய்தோம். வயதை வைத்துப் பிரித்தோம். இரண்டாம் வாரமே ஒரு பையனுடைய அப்பாவுக்குத் தொற்று. அவர் போன வள்ளத்தில் கூடப் போன நான்கு பேருடைய பிள்ளைகள் நான்கு குழுவிலும் சிதறிக் கிடந்தார்கள். எல்லாக் குழுவையும் நிறுத்த வேண்டியதாயிற்று. அப்புறம் பயிற்சியாளர் ஒரு யோசனை சொன்னார்: ஒரே வள்ளத்தில் போகிறவர்களின் பிள்ளைகள் ஒரே குழு. உள்நாட்டு ஊர்களில் இதையே ஒரே தெரு, ஒரே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள், ஒரே அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) வேலை பார்க்கும் அம்மாமார் என்று மாற்றிக்கொள்ளலாம். வீட்டார் ஏற்கெனவே பகிர்ந்துகொள்கிற மூச்சைப் பிள்ளைகளும் பகிர்ந்தால் புதிதாக ஆபத்து ஏறாது. பதினான்கு வயதுக்காரனும் ஒன்பது வயதுக்காரியும் ஒரே குழுவில் வந்தார்கள், பயிற்சி கொடுக்கக் கஷ்டம்தான். ஆனால் பெரியவன் சின்னவளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பழகினான், அவனே இப்போது எங்கள் உதவிப் பயிற்சியாளர்.

தரையில் சுண்ணாம்பால் ஆறடி இடைவெளியில் வட்டம் போட்டு வையுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு 'தள்ளி நில்' என்றால் புரியாது, 'உன் வட்டத்துக்குப் போ' என்றால் புரியும்.

ஓடும்போது முகக்கவசம் போட வேண்டுமா?

வேண்டாம். வேகமாக உடற்பயிற்சி செய்யும்போது போடக் கூடாது என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. வேர்வையில் நனைந்த துணி மூச்சை அடைக்கும். வரும்போதும் போகும்போதும், உட்கார்ந்து பேசும்போதும் போடட்டும். ஓடாமல் நின்று கத்துகிற பயிற்சியாளர் முழு நேரமும் போட வேண்டும். அவர்தான் நான்கு குழுவையும் பார்க்கிறவர். அவர் வழியாகத்தான் ஒரு குழுவிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்று தாவும்.

விசில்?

ஊதினால் எச்சில் தெறிக்கும். கைதட்டல் போதும். பழைய சைக்கிள் மணி ஒன்றைக் கழற்றி வைத்திருந்தோம், அது இன்னும் நன்றாக வேலை செய்தது.

பந்தை ஒவ்வொரு தடவையும் சானிடைசர் போட்டுத் துடைக்க வேண்டுமா?

முதல் சில மாதம் எல்லாரும் அப்படித்தான் துடைத்தோம். பந்தின் தையல் விட்டுப்போனதுதான் மிச்சம். பொருளைத் தொட்டுப் பரவுவதைவிடக் காற்றில் பரவுவதுதான் அதிகம் என்று பின்னால் தெளிவாயிற்று. பயிற்சிக்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். கவனிக்க வேண்டியது தண்ணீர்ப் பாட்டில். ஒரு பாட்டிலில் ஐந்து பேர் வாய் வைத்துக் குடிப்பது நம் பிள்ளைகளின் வழக்கம். ஆளுக்கொரு பாட்டில், பெயர் எழுதி. மறந்து வந்தவனுக்கு அண்ணாந்து ஊற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

எந்த விளையாட்டை முதலில் தொடங்கலாம்?

நேருக்கு நேர் மூச்சு படாதது முதலில். ஓட்டம், தாண்டுதல், கயிறாட்டம், நம் அடிமுறைத் தற்காப்புக் கலையில் தனித்தனியாக வைக்கும் காலடிச் சுவடு. சிலம்பத்துக்கு யாரும் இடைவெளி சொல்லிக்கொடுக்க வேண்டாம். நெற்றி உயரக் கம்பைச் சுற்றுகிறவன் பக்கத்தில் தானாகவே யாரும் போகமாட்டார்கள். ஆனால் பிடிவரிசையும் வர்மமும் ஆள்மேல் கைவைத்துச் செய்பவை. அவற்றைக் கடைசிக்குத் தள்ளச் சொன்னால் ஆசான்மார் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. அடுத்து வெளியில் ஆடும் பூப்பந்து, வாலிபால். வாலிபாலில் நடுவே வலை இருப்பது வசதி. கால்பந்தில் பாஸ், ஷூட்டிங் பயிற்சி நடத்தலாம், முழு ஆட்டம் பிறகு. கபடிதான் எல்லாவற்றுக்கும் கடைசி. ஒரே மூச்சில் 'கபடி கபடி' என்று எதிராளியின் முகத்தில் பாடி, ஏழு பேர் சேர்ந்து அமுக்குகிற ஆட்டத்துக்கு எந்தத் தளர்வும் பொருந்தாது.

போன் வழியாகப் பயிற்சி கொடுத்தால் பலன் உண்டா?

உண்டு, எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டால்.

நகரத்துப் பயிற்சியாளர்கள் நேரலை வகுப்பு நடத்தினார்கள். இந்திய விளையாட்டு ஆணையம் 2020 ஊரடங்கில் பயிற்சியாளர்களுக்கே இணைய வகுப்புகள் நடத்தியது, கலந்துகொண்டவர்களுக்கு நல்ல பயன். ஆனால் ஊர்ப் பிள்ளைக்கு அது ஒத்துவராது. வீட்டில் ஒரு போன். அதில் காலையில் அக்காவுக்கு ஆன்லைன் கிளாஸ், மத்தியானம் தம்பிக்கு, சாயங்காலம் அப்பா கையில். பேச்சிப்பாறை, கோதையாறு பக்கத்துக் காணி பழங்குடிக் குடியிருப்புகளில் சிக்னலுக்கே பாறைமேல் ஏற வேண்டும்.

எங்களுக்கு வேலை செய்தது இது. பயிற்சியாளர் காலை ஆறு மணிக்கு ஒரு நிமிட வீடியோ ஒன்று அனுப்புவார். ஒரே ஒரு பயிற்சி, அவரே செய்து காட்டியது. கூடவே அரை நிமிடக் குரல் பதிவு, அதில் ஒவ்வொரு நாளும் இரண்டு பிள்ளைகளின் பெயரைச் சொல்லி ஏதாவது கேட்பார். 'உன் கணுக்கால் எப்படி இருக்கு மக்களே' என்கிற மாதிரி. செய்து முடித்தவர்கள் சாயங்காலம் மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். அதுதான் வருகைப் பதிவு. மூன்று நாள் மிஸ்டு கால் வராவிட்டால் பயிற்சியாளர் கூப்பிடுவார். போன் இல்லாத ஐந்து வீடுகளுக்கு வாரத்துக்கு ஒரு தாளில் எழுதி, ரேஷன் கடைக்கு வருகிறவர்களிடம் கொடுத்துவிட்டோம்.

உண்மையைச் சொன்னால், அந்த வீடியோவைப் பார்த்துப் பயிற்சி செய்தவர்கள் பாதிப் பேர்கூட இருக்கமாட்டார்கள். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிள்ளைகள் எல்லாரும் கிரவுண்டு திறந்ததும் வந்தார்கள்.

வீட்டில் எந்தச் சாமானும் இல்லையே?

ஒரு லிட்டர் பாட்டிலில் மணல் நிறைத்தால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. இரண்டு பாட்டில் இருந்தால் தோள், கைப் பயிற்சிக்குப் போதும். கிணற்றில் இறைக்கிற கயிறு தாண்டுவதற்கு ஆகும், நுனியில் முடிச்சுப் போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டுப் படி ஒன்று, சுவர் ஒன்று. பழைய சேலைத் துணியைச் சுருட்டிக் கட்டினால் சுவரில் உதைத்துப் பழகப் பந்து. அக்கம்பக்கத்தில் சத்தம் கேட்காது என்பது கூடுதல் வசதி. மொத்தம் இருபது நிமிடம், காலையிலும் மாலையிலும்.

சாப்பாட்டைப் பற்றி யாராவது பவுடர் விற்க வந்தால் திருப்பி அனுப்புங்கள். மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) மீன்கறியும், பயறும் கஞ்சியும், ஒரு ஏத்தன் (நேந்திரன்) பழமும் போதும்.

கபசுரக் குடிநீர் கொடுத்துவிட்டுப் பயிற்சி நடத்தலாமா?

குடிக்க விருப்பமுள்ளவர்கள் குடிக்கட்டும். அதைக் குடித்தாயிற்று என்று இடைவெளியை விட்டுவிடக் கூடாது.

தொற்று வந்து குணமான பிள்ளையை எப்போது ஓடவிடலாம்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பாக இருப்பேன்.

கொரோனா சிலருக்கு இதயத் தசையில் வீக்கம் உண்டாக்கியது. அந்த நிலையில் கடுமையாக ஓடினால் இதயத் துடிப்பு தடுமாறி உயிருக்கே ஆபத்து ஆகலாம். அதனால் 2020இல் விளையாட்டு மருத்துவர்கள் சொன்ன கணக்கு: அறிகுறி தொடங்கியதிலிருந்து குறைந்தது 10 நாள் ஓய்வு, அதில் கடைசி 7 நாள் எந்த அறிகுறியும் இருக்கக் கூடாது. பிறகு முதல் இரண்டு நாள் 15 நிமிடம் நடையும் மெல்லோட்டமும். அடுத்த நாள் 30 நிமிடம், அதற்கடுத்த நாள் 45. பிறகு இரண்டு நாள் 60 நிமிடம். அதன் பிறகே வழக்கமான பயிற்சி. பின்னாளில் லேசான தொற்றுக்கு இந்தக் காலத்தைக் குறைத்தார்கள். ஊர்ப் பயிற்சியில் யாரும் யாரையும் துரத்தவில்லை, முழுக் கணக்கையும் கடைப்பிடிப்பதில் நஷ்டமில்லை.

நெஞ்சுவலி, படபடப்பு, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு, தலைசுற்றல், மயக்கம். இதில் ஒன்று வந்தாலும் அந்த நிமிடமே நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும். இசிஜி எடுக்க ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வீட்டில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் 94க்குக் கீழே காட்டினால் காத்திருக்க வேண்டாம், 108. சந்தேகம் கேட்க 104.

இன்னொன்று, பெற்றோர் பலருக்குத் தெரியாதது. பிள்ளைகளுக்குத் தொற்று லேசாக வந்து போன பிறகு, இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் மறுபடி காய்ச்சல், வயிற்றுவலி, உடம்பில் தடிப்பு, கண் சிவப்பு என்று வரலாம். அரிதுதான். ஆனால் வந்தால் அது மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம், கஷாயம் போட்டுப் பார்க்கிற விஷயமில்லை.

'நான் நல்லாத்தான் இருக்கேன்' என்று பிள்ளை சொல்வதை நம்பாதீர்கள். அணியில் இடம் போய்விடும் என்று பொய் சொல்லும். அந்தப் பயத்தை எடுத்துவிடுவது பயிற்சியாளர் வேலை. எங்கள் பயிற்சியாளர், ஓய்வில் இருக்கிற பையன் கையில் ஸ்டாப் வாட்சைக் கொடுத்து வட்டத்துக்கு வெளியே உட்கார வைத்துவிடுவார்.

பயிற்சியாளருடைய வருமானம் நின்றுபோனதே, அதற்கு என்ன வழி?

எல்லாரும் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார்கள். இதைக் கேட்டவர்கள் இரண்டே பேர். இரண்டு பேரும் பயிற்சியாளர்களின் மனைவிமார்.

நம் ஊர்ப் பயிற்சியாளர்கள் யார் என்று பாருங்கள். ஒருவர் வெல்டிங் பட்டறைக்காரர். ஒருவர் தனியார் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர், பள்ளி மூடியதும் சம்பளம் பாதியாகி, அப்புறம் நின்றது. ஒருவர் அரசுப் பள்ளியில் 2012இல் சேர்ந்த பகுதிநேர ஆசிரியர். அவர்களுக்கு அப்போது மே மாதச் சம்பளம் கிடையாது. கிரவுண்டில் வாங்குகிற சின்னக் கட்டணம்தான் பெட்ரோலுக்கும் பாலுக்கும். அதுவும் போனால் அவர் வேறு வேலை தேடிக் கேரளாவுக்கோ வளைகுடாவுக்கோ போவார். கிரவுண்டு திறக்கும்போது ஆள் இருக்கமாட்டார். பூட்டைத் திறப்பது எளிது, போன பயிற்சியாளரைத் திரும்பக் கொண்டுவருவது கஷ்டம். தொற்றுக் காலத்தில் ஊர் விளையாட்டுக்கு உதவுகிறேன் என்று யாராவது வந்தால், ஜெர்சி வேண்டாம், கோப்பை வேண்டாம், பயிற்சியாளர் வீட்டுக்கு மாதம் ஒரு தொகை கொடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

பணம் எங்கிருந்து? திருவிழாவை ஒட்டி நடக்கும் டோர்னமெண்ட் நின்றுவிட்டது. அதற்கு வைத்திருந்த பரிசுப் பணம் கமிட்டியில் சும்மா கிடந்தது. வெளிநாட்டில் இருக்கிற நம் பையன்கள் வருடாவருடம் அனுப்புகிற ஜெர்சிப் பணம் இருந்தது. இரண்டையும் சேர்த்து, எங்கள் பயிற்சியாளருக்கு மாதம் 3,000 ரூபாய் கொடுக்க முடிந்தது. பெரிய தொகையில்லை. 'உதவி' என்று கொடுத்தால் அவர் வாங்கமாட்டார் என்று தெரியும். அதனால் நோட்டில் 'போன் வழிப் பயிற்சிக் கட்டணம்' என்று எழுதி, கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். கணக்கை மாதம் ஒருமுறை வாட்ஸ்அப் குழுவில் படம் எடுத்துப் போட்டேன். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் மஸ்கட்டிலிருந்து ஒரு தம்பி அடுத்த மூன்று மாதத்துக்கும் அனுப்பினான்.

பயிற்சியாளருக்கே தொற்று வந்தால்?

நான்கு குழுவுக்கும் உடனே சொல்லிவிட வேண்டும், மறைக்கக் கூடாது. இரண்டாவது ஆள் ஒருவரை முன்பே தயார் செய்து வைத்திருந்தால் பயிற்சி நிற்காது. அவரும் பயிற்சியாளரும் ஒரே நாளில் கிரவுண்டுக்கு வரக் கூடாது.

திறந்த பிறகும் பெண் பிள்ளைகள் வரவில்லை. என்ன செய்ய?

எங்களிடம் ஒன்பது பெண் பிள்ளைகள் இருந்தார்கள். திறந்த முதல் வாரம் வந்தது இரண்டு பேர். பயம் என்று நினைத்தோம். வீடு வீடாகப் போய்க் கேட்டால் காரணம் வேறு. ஊரடங்கில் அம்மா வேலைக்குப் போனபோது தம்பியைப் பார்த்துக்கொண்டது, சமைத்தது எல்லாம் அந்தப் பிள்ளை. அது பழகிவிட்டது. இப்போது சாயங்காலம் அவள் கிரவுண்டுக்குப் போனால் வீட்டு வேலையை யார் செய்வது? ஒரு வீட்டில் 'வளர்ந்துட்டா, இனி எதுக்கு நிக்கர் போட்டுக்கிட்டு' என்றார்கள்.

நேரத்தைக் காலை ஆறு மணிக்கு மாற்றினோம், தம்பி தங்கச்சியையும் கூட்டிவரலாம் என்றோம். முக்கால் பேன்ட் போடலாம் என்றோம். பயிற்சியாளரும் அவர் மனைவியும் சேர்ந்தே வீடுகளுக்குப் போனார்கள். அந்த அக்கா அடுப்பங்கரையில் உட்கார்ந்து பேசியதில்தான் பாதிக் காரியம் நடந்தது. ஒன்பதில் ஏழு பேர் திரும்பினார்கள். எட்டாவது பிள்ளைக்குக் கல்யாணம் பேசுகிறார்கள் என்று தெரிந்தது, வயது பதினாறு. இப்படித் தெரியவந்தால் தயங்காமல் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்யுங்கள். நாங்கள் செய்தோம். கல்யாணம் நின்றது, எங்களோடு அந்த வீட்டார் பேசுவதும் நின்றது.

கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பயிற்சிக்குப் போகிற பிள்ளைகள்?

நீரோடிப் பையனுக்குப் பொழியூர் கிரவுண்டு கூப்பிடு தூரம். களியக்காவிளைக்காரருக்குத் திருவனந்தபுரம் காரியவட்டத்தில் உள்ள லட்சுமிபாய் உடற்கல்விக் கல்லூரி நாகர்கோவிலைவிட வசதி. தொற்று வந்ததும் நடுவே ஒரு கோடு முளைத்தது. இந்தப் பக்கம் இ-பாஸ், அந்தப் பக்கம் கேரள அரசின் 'ஜாக்ரதா' தளத்தில் பதிவு. தினமும் போய்வர முடியாத நிலை வந்தால் அந்தப் பயிற்சியாளரிடம் எழுதி வாங்கி, இங்கே பக்கத்துக் குழுவில் தற்காலிகமாகச் சேர்த்துவிடுங்கள். குறுக்கு வழியில் தோப்புக்குள் புகுந்து போகிற வேலை வேண்டாம். எல்லாருக்கும் அந்த வழி தெரியும், போலீசுக்கும் தெரியும்.

அம்மாமார், வயதானவர்களுக்கு ஏதாவது உண்டா?

பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. நாளுக்கு அரை மணி நேரம், வாரம் ஐந்து நாள் நடந்தால் கணக்கு சரி. சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் நடையை நிறுத்தவே கூடாது. எங்கள் ஊரில் சில அம்மாமார் மொட்டை மாடியில் ஜெபமாலை சொல்லிக்கொண்டே சுற்றினார்கள். ஐம்பத்துமூன்று மணி அருள்நிறைந்த மரியே முடிய இருபது நிமிடத்துக்குக் குறையாது.

ஆறு மாதம் கழித்து கிரவுண்டைத் திறக்கிறோம். முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

பிள்ளைகளைக் கூப்பிடுவதற்கு முந்தின நாள் நீங்கள் போங்கள். இரண்டு மழைக்காலமும் பெய்கிற மாவட்டம் இது. முழங்கால் உயரம் புல், தொட்டாச்சிணுங்கி முள், உள்ளே பாம்பு. இருட்டில் வந்து குடித்தவர்கள் உடைத்துப் போட்ட பாட்டில். கோல் போஸ்ட் அடியில் துருப்பிடித்திருக்கும், ஆட்டிப் பாருங்கள். பிள்ளைமேல் சாய்ந்தால் பெரிய விபத்து.

பயிற்சியைப் பழைய அளவில் பாதியிலிருந்து தொடங்கி, மூன்று நான்கு வாரத்தில் மெல்ல ஏற்றுங்கள். அந்த ஆறு மாதத்தில் பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள். 11 முதல் 14 வயதுக்காரர்கள் திடீரென உயர்ந்து, முழங்கால் சில்லுக்குக் கீழே வலிக்கிறது என்பார்கள். எலும்பு வேகமாக வளர்கிற இடத்தில் தசைநார் இழுப்பதால் வருவது. சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள். குதிப்பதையும் வேக ஓட்டத்தையும் குறைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

எங்கள் முதல் நாளில் ஒரு பையன் வெறுங்காலோடு வந்தான். ஷூ எங்கே என்று கேட்டால் தலையைக் குனிந்தான். இன்னொருத்தன் ஷூவின் பின்பக்கத்தை மிதித்துச் செருப்பு மாதிரிப் போட்டிருந்தான். அப்புறம்தான் உறைத்தது, ஒருவருக்கும் பழைய ஷூ காலில் ஏறவில்லை. வாங்கித்தரும் நிலையில் எந்த வீடும் இல்லை. மறுநாள் எல்லாரும் வீட்டிலிருக்கிற ஷூவைக் கழுவிக் கொண்டுவரச் சொன்னோம். கிளப் திண்ணையில் நம்பர் வாரியாக வரிசையாக வைத்தோம். மூத்தவனுடையது இளையவனுக்கு, அவனுடையது அதற்கும் சின்னவனுக்கு. கடைசியில் மூன்று பெரிய பையன்களுக்கு மட்டும்தான் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. 9ஆம் நம்பர் இரண்டு ஜோடி, 10ஆம் நம்பர் ஒன்று.